வாசலோடு நிற்கட்டும்!

பால்காரர் அதிகாலையில் வருகிறார். வாசலில் பாலை அளந்து ஊற்றுகிறார். மாதம் பிறந்தால் பணத்தை வாங்கிக்கொண்டு போகிறார். அவரே ஒரு நாள் சமையலறைக்குள் நுழைந்து, அலமாரிக் கதவில் தம் பெயரை எழுதிவிட்டு, மளிகைச் சாமான்களை எந்தக் கடையில் வாங்குகிறோம் என்று குறிப்பெடுத்துக்கொண்டு, "இனிமேல் நான் இங்கேதான் இருப்பேன்" என்று முக்காலியில் உட்கார்ந்துவிட்டால் நாம் சும்மா இருப்போமா? "உம்முடைய பாலும் வேண்டாம், நீரும் வேண்டாம்!" என்று சொல்லிவிட மாட்டோமா?

ஆனால் இன்டர்நெட் இணைப்புத் தரும் கம்பெனிகள் பல, நம் கம்ப்யூட்டருக்குள் இந்தக் காரியத்தைத்தான் செய்து வந்திருக்கின்றன. இணைப்புக் கொடுக்கும் சாக்கில், உதவி மையம் என்றும் தேடும் பட்டை என்றும் பெயர் சூட்டி, நாம் கேளாத மென்பொருள்களை இறக்கிவிட்டுப் போகின்றன. கம்ப்யூட்டரைத் திறந்தவுடன் அவை நமக்கு முன்பே எழுந்து உட்கார்ந்துகொள்கின்றன. நாம் வைத்திருந்த முகப்புப் பக்கத்தை அகற்றிவிட்டுக் கம்பெனியின் பக்கத்தை நிறுத்துகின்றன.

இந்த வழக்கத்தின் சரித்திரத்தில் 'அமெரிக்கா ஆன்லைன்' கம்பெனிக்குத் தனி இடம் உண்டு. டெலிபோன் கம்பி மூலம் இன்டர்நெட் வழங்கிய அந்தக் கம்பெனிக்கு 2000-ம் வருஷத்தில் 2 கோடிக்கு மேற்பட்ட சந்தாதாரர்கள் இருந்தார்கள். 1999-ல் அது வெளியிட்ட ஐந்தாவது பதிப்பு, கம்ப்யூட்டரின் இணைப்பு ஏற்பாடுகளை மாற்றி, வேறு கம்பெனியின் இணைப்பை உபயோகிக்க முடியாமல் செய்துவிடுகிறது என்று குற்றம் சாட்டிப் பலர் 2000-ல் அமெரிக்கக் கோர்ட்டுகளில் வழக்குத் தொடுத்தனர். 2006 ஆகஸ்டில், ஹார்வர்டு, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைகளைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையங்களின் ஆதரவில் இயங்கிய 'ஸ்டாப் பேட்வேர்' என்னும் குழு, ஒன்பதாவது பதிப்பின் இலவச வகையைப் பரிசோதித்தது. சொல்லாமலே வேறு மென்பொருள்களையும் சேர்த்துவிடுகிறது, நீக்கினாலும் முழுவதும் நீங்குவதில்லை என்பவை அக்குழு கண்ட குறைகளில் இரண்டு. 2025 செப்டம்பர் 30-ந் தேதியோடு அக்கம்பெனி தன் டெலிபோன் இணைப்புச் சேவையையே நிறுத்திவிட்டது. ஆயினும் அது போட்ட பாதையில் நடப்பவர்கள் இன்றும் உண்டு.

கம்பெனிகளின் கட்சியிலும் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. பெயரும் ரகசியச் சொல்லும் கொடுத்துப் பிராட்பேண்டு இணைப்பில் நுழைவதற்கான வசதி, 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில்தான் கூடவே அமைந்து வந்தது. அதற்கு முன்பு தனி மென்பொருள் ஒன்று அவசியமாயிருந்தது. இன்றோ, கூடத்து மூலையில் விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் ரௌட்டர் பெட்டியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அவசியம் போய்விட்டது, மென்பொருள் மட்டும் போக மறுக்கிறது!

இதை அற்ப விஷயம் என்று தள்ளிவிடலாகாது. பாங்குக் கணக்கு, வைத்தியரின் குறிப்புகள், குழந்தைகளின் பாடம், பந்துக்களின் கடிதங்கள் எல்லாம் இன்று அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அங்கே யார் குடியிருக்கலாம் என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் வீட்டுக்காரர்களே.

வெளியேற்றும் வழி கடினமானதன்று. முதலில் முக்கியமான கடிதங்களுக்கும் படங்களுக்கும் வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பின் பெயரையும் ரகசியச் சொல்லையும் நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு அந்த மென்பொருளை மூடிவிட்டு, இணைப்பு நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் அது வேண்டாத சுமை என்பது நிச்சயம்.

விண்டோஸ் 11-ல் 'ஸெட்டிங்ஸ்', அதனுள் 'ஆப்ஸ்', அதனுள் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' என்று சென்றால் ஒரு ஜாபிதா தோன்றும். அதைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தினால், இணைப்பு வந்த நாளில் கூடவே வந்தவை எவை என்று விளங்கிவிடும். ஒவ்வொன்றாக 'அன்இன்ஸ்டால்' செய்து, கம்ப்யூட்டரை அணைத்துத் திறவுங்கள். பிறகு 'ஸ்டார்ட்டப்' ஜாபிதாவில் மிச்சம் மீதி ஒளிந்திருக்கிறதா என்றும், பிரௌஸரின் முகப்புப் பக்கமும் ஒட்டுச் சேர்க்கைகளும் நாம் விரும்பியபடி இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நீக்கியது கம்பெனி கொடுத்த வைரஸ் தடுப்பாக இருந்தால், விண்டோஸின் சொந்தக் காவல் மீண்டும் வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை இரண்டு. மென்பொருளின் கோப்புகளை நேரே கையால் அழிக்கக்கூடாது. செடியை ஒடித்து வேரை விட்ட கதையாகும். 'எல்லாவற்றையும் சுத்தம் செய்கிறேன்' என்று விளம்பரம் செய்யும் முன்பின் தெரியாத மென்பொருளைக் கொண்டுவரவும் கூடாது. எலியை விரட்டப் பாம்பைப் பிடித்து வந்து வளர்ப்பானேன்?

எல்லாவற்றிலும் மேல், வந்த பிறகு விரட்டுவதைவிட வருமுன் காப்பதுதான். அடுத்த முறை இணைப்புக் கொடுக்க ஆள் வரும்போது, அவர் நம் கம்ப்யூட்டரின் அருகே உட்காருமுன், "பெட்டியை மாட்டி, பெயரையும் ரகசியச் சொல்லையும் எழுதிக் கொடுங்கள், ஐயா, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மரியாதையாகச் சொல்லலாம். ஒரு தம்ளர் மோர் கொடுத்துச் சொன்னால் இன்னும் விசேஷம்.