பிறந்தது சரி, பதிவு செய்தாயிற்றா?

மாணவர்களே, நீங்கள் சபாக்கில் படிவம் நான்கு படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி நூல்நிலையத்திற்காக ஓர் இணையச் செயலி எழுதுகிறீர்கள். புதிய மாணவர் ஒருவரின் பெயரையும் வகுப்பையும் கொடுத்து நிரலை ஓட்டுகிறீர்கள். திரையில் பெயர் தெரிகிறது. மகிழ்ச்சியோடு கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். மறுநாள் திறந்து பார்த்தால், அந்த மாணவரைக் காணோம்! பிழைச் செய்தியும் இல்லை. எங்கே போனார்?

இணையச் செயலிகளை விரைவாகக் கட்ட உதவும் ஆயத்தக் கருவித் தொகுப்பை ‘ஃபிரேம்வொர்க்’ என்பார்கள். பைத்தன் மொழியில் புகழ்பெற்றது ‘ஜாங்கோ’. இது பிறந்த இடம் ஒரு நாளிதழ் அலுவலகம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள ‘லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட்’ நாளிதழில் பணியாற்றிய ஏட்ரியன் ஹொலொவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003இல் இதை உருவாக்கத் தொடங்கினர். 2005இல் எல்லாருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞரின் நினைவாகப் பெயர் சூட்டினர்.

ஜாங்கோவில் ஒரு மாணவரை உருவாக்கும்போது, அவருடைய விவரங்களைக் கொண்ட ஒரு ‘பொருள்’ கணினியின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே பிறக்கிறது. நிரல் நின்றவுடன் அதுவும் மறைந்துவிடும். ‘சேவ்’ என்று கட்டளை கொடுத்தால்தான் விவரங்கள் நிலையான தரவுத்தளத்தில் எழுதப்படும்.

நம் வாழ்க்கையிலும் இப்படித்தான். தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்தால் 60 நாட்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். பதிந்த பிறகுதான் 12 இலக்க எண் கிடைக்கும். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். சிலாங்கூருக்கு 10. உங்கள் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். அந்த எண்ணைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கவில்லை, பதிவேடு கொடுத்தது.

ஜாங்கோவிலும் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. சேமிப்பதற்கு முன் அந்த எண்ணைக் கேட்டால், வழக்கமாக ‘ஒன்றுமில்லை’ என்றே பதில் வரும். சேமித்தவுடன் தரவுத்தளம் எண்ணைக் கொடுத்துவிடும்.

அந்த எண் இல்லாவிட்டால் என்ன? சேமிக்கப்படாத மாணவர் பெயரில் ஒரு புத்தக இரவலைப் பதிய முயன்று பாருங்கள். ஜாங்கோ மறுத்துவிடும். எந்த மாணவர் என்று சுட்டிக்காட்ட அதனிடம் எண் இல்லையே! பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையின் நிலையும் ஏறத்தாழ இதுதான். பிள்ளை கண்முன் நிற்கிறான். ஆனால் பள்ளியில் சேர்க்கவும் அடையாள அட்டை எடுக்கவும் சிரமப்பட வேண்டியிருக்கிறது. நம் தோட்டங்களில் இத்தகைய குடும்பங்கள் இருந்தன. அவர்களைத் தேடிப் பதிவு செய்யவே 2011இல் இந்திய சமூகத்தினரிடையே ‘மைடஃப்தார்’ என்ற இயக்கம் நடத்தப்பட்டது.

அப்படியானால் உருவாக்கும்போதே ஏன் தானாகச் சேமிக்கக் கூடாது? அதற்கும் வழி உண்டு. ‘கிரியேட்’ என்ற கட்டளை உருவாக்குவதையும் சேமிப்பதையும் ஒரே அடியில் செய்துவிடும். ஆனால் சில வேளைகளில் சற்றுப் பொறுப்பது நல்லது. வகுப்பின் பெயர் விடுபட்டிருக்கலாம். எழுத்துப் பிழை இருக்கலாம். பாரத்தைச் சரிபார்த்த பிறகுதானே அதிகாரி முத்திரை குத்துகிறார்?

இன்னொரு சந்தேகம் வரலாம். ஒரே பொருளை இரண்டு முறை சேமித்தால் இரண்டு மாணவர்கள் உருவாகிவிடுவார்களா? மாட்டார்கள். முதல் முறை எண் இல்லை; எனவே புதிய வரி சேர்க்கப்படும். இரண்டாம் முறை எண் இருக்கிறது. அந்தப் பழைய வரியே திருத்தப்படும். ஆனால் அதே பெயரில் இன்னொரு பொருளைப் புதிதாக உருவாக்கிச் சேமித்தால், பட்டியலில் இருவர் வந்துவிடுவர். கவனம்!

பள்ளிக் கணினிக் கூடத்தில் இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு பொருளை உருவாக்குங்கள். அதன் எண்ணை அச்சிடுங்கள். சேமித்தபின் மீண்டும் அச்சிடுங்கள். அப்படியே வீட்டில் சின்னத் தம்பியோ தங்கையோ பிறந்திருந்தால், பிறப்புப் பத்திரம் எடுத்தாயிற்றா என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.