அடிக்கடி மஞ்சள் காமாலையா? பித்தக்குழாயை கவனிங்க!

அம்பத்தூர்:
ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் யாருக்காவது மஞ்சள் காமாலைன்னா உடனே தேடுவது கீழாநெல்லி. அசுத்தமான தண்ணீர், சாப்பாட்டால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். ஆனால் போன காமாலை திரும்பத் திரும்ப வந்தால், உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தால் உஷாராகணும். பித்தக்குழாயில் கல் இருக்கலாம். அபூர்வமாக, குழாயே சுருங்கும் நோயாகவும் இருக்கலாம்.

அது என்ன நோய்?

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் சின்னச்சின்ன குழாய்கள் வழியாக குடலுக்கு இறங்குகிறது. இந்த நோயில் குழாய்களில் தழும்பு விழுந்து அங்கங்கே குறுகிவிடும். தேங்கும் பித்தநீர் பல வருஷத்தில் கல்லீரலையே கெடுத்துவிடும். 30, 40 வயது ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. குடிப்பழக்கம் இதற்கு காரணமல்ல. பலருக்கு ரத்தமும் சளியுமாக பேதியாகும் பெருங்குடல் புண்ணும் சேர்ந்தே இருக்கும்.

கேன்சர் வருமா?

எல்லோருக்கும் வராது. 100 பேரில் சுமார் 10 முதல் 20 பேருக்கு வாழ்நாளில் பித்தக்குழாய் கேன்சர் வரலாம். பித்தப்பை, பெருங்குடல் கேன்சர் அபாயமும் கூடுதல்.

அமெரிக்க புட்பால் வீரர் வால்டர் பேட்டன் தனக்கு இந்த நோய் இருப்பதாக 1999 பிப்ரவரியில் அறிவித்தார். கல்லீரல் மாற்று ஆபரேஷன்தான் வழி என்ற நிலை. அதற்குள் பித்தக்குழாயில் கேன்சர் வந்துவிட்டது. ஆபரேஷனும் முடியாமல் போனது. அதே ஆண்டு நவம்பர் 1-ந் தேதி இறந்தார்.

என்ன செய்யணும்?

இந்த நோயை அடியோடு நிறுத்தும் மாத்திரை இன்னும் வரவில்லை. அதனால் கண்காணிப்புதான் முக்கியம். உடம்பு நல்லா இருக்கிற மாதிரி தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்கணும். பெருங்குடல் புண் உள்ளவர்கள் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை குடலை கேமரா விட்டு பார்க்கணும். காமாலை திடீரென கூடினாலோ, எடை குறைந்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

கல்லீரல் பழுதானாலும் கவலைப்பட்டு ஒடுங்க வேண்டாம். இந்த நோய்க்காக மாற்று ஆபரேஷன் செய்தவர்களில் 100-க்கு சுமார் 80 பேர் 5 ஆண்டு தாண்டி வாழ்கிறார்கள்.

எங்கே போகலாம்?

எஸ்டேட் கம்பெனி தொழிலாளிகளுக்கு இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. மற்றவர்கள் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு போகலாம். அங்கே கல்லீரலுக்கு தனி பிரிவே உண்டு. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று ஆபரேஷனும் வருகிறது.

"லீவு போட்டா ஒரு நாள் சம்பளம் போயிடுமே"ன்னு ஸ்கேனை தள்ளிப்போடாதீங்க. கேன்சர் முந்திக்கொண்டால் மாற்று ஆபரேஷன் வாய்ப்பே கைநழுவிப் போகலாம்.