தண்ணீரில் எண்ணெய் மிதந்தால்: கையடக்கக் கருவி என்ன சொல்லும், நாம் என்ன செய்ய வேண்டும்?



2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி, கடற்கரை கறுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் கழிமுகத்தில் படகையும் வலையையும் பாழாக்கியது. எண்ணூரையும் பழவேற்காடு ஏரியையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. ஆகவே இது நம் கவலையும்தான்.

அப்போது எழும் முதல் கேள்வி: இது யாருடைய எண்ணெய்? அதற்கு விடை தேட உதவுவது 'வாயு குரோமட்டோகிராபி' என்னும் கருவி. முகத்துவாரத்தில் பல படகுகள் ஒன்றாகப் புறப்பட்டாலும், பாரம் குறைந்தது முன்னே போகும் அல்லவா? அதுபோல, சூடாக்கி ஆவியாக்கிய எண்ணெயை முடிபோன்ற மெல்லிய குழாயில் வாயு தள்ளிச் செல்லும். லேசான பொருள் முதலில் வெளிவரும், கனமானது பின்னால் வரும். அந்த வரிசையும் அளவும் எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். கைரேகை போல ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆய்வகக் கருவியில் இந்தக் குழாய் பெரும்பாலும் 30 மீட்டர் நீளம். அதைச் சூடாக்க அடுப்பு, வாயு சிலிண்டர், தடையில்லா மின்சாரம் எல்லாம் வேண்டும். 1979-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், 5 சென்டிமீட்டர் சிலிக்கன் வில்லையிலேயே 1.5 மீட்டர் பாதையைச் சுருளாகச் செதுக்கிக் காட்டினார்கள். இன்று கையில் தூக்கிச் செல்லும் கருவிகள் உள்ளன.

ஆனால் குழாய் குட்டையானால் பிரிப்பும் குறையும். கனமான எண்ணெய்க்கு அதிகச் சூடு வேண்டும், பேட்டரி தாங்காது. பெட்ரோல், பென்சீன் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்களை இவை சில நிமிடங்களில் காட்டும். மீனின் சதையில் எண்ணெய் கலந்துள்ளதா என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே மாதிரி எடுப்பது முக்கியம்:

• கையுறை அணியுங்கள்.
• சுத்தமான கண்ணாடி பாட்டிலில் எடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், அது எண்ணெயை உறிஞ்சும்.
• மூடிக்கு உள்ளே அலுமினியத் தாள் வையுங்கள்.
• எண்ணெய் இல்லாத இடத்துத் தண்ணீரையும் தனி பாட்டிலில் எடுங்கள்.
• இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயரை எழுதி ஒட்டுங்கள். படமும் எடுங்கள்.
• வெயில் படாமல் ஐஸ் பெட்டியில் வைத்து, தாமதமின்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் மீன்வளத் துறைக்கும் தெரிவியுங்கள்.

நாளாக நாளாக வெயிலும் அலையும் எண்ணெயின் அடையாளத்தை மாற்றிவிடும். இழப்பீடு கேட்கும் நாளில், முதல் நாளே எடுத்து வைத்த பாட்டில் நமக்காகப் பேசும்.