விழும் பைக்குக்கு ஒரு கை!

குட்டீஸ்! மாலை ஐந்து மணிக்கு மதுரை பழங்காநத்தம் ரவுண்டானா பக்கம் போயிருக்கிறீர்களா? திருப்பரங்குன்றம் போகிறவர்கள், காளவாசல் பைபாஸ் ரோட்டுக்குத் திரும்புகிறவர்கள், டி.வி.எஸ். நகருக்குப் போகிறவர்கள் என்று எங்கே பார்த்தாலும் இரு சக்கர வண்டிகள்தான்!

அடுத்த முறை அங்கே போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். பைக்குகளின் முன்பக்கத்தைப் பாருங்கள். பெட்ரோல் டாங்கிக்குக் கீழே, இரண்டு பக்கமும் வளைந்த இரும்புக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் 'கிராஷ் கார்டு' என்கிறோம். சிலர் 'லெக் கார்டு' என்றும் சொல்வார்கள். அது எதற்காக? அழகுக்காகவா?

இல்லை! நீங்கள் ஓடும்போது தடுக்கி விழுந்தால் என்ன செய்வீர்கள்? சட்டென்று கையை ஊன்றுவீர்கள். பைக்குக்குத்தான் கை கிடையாதே! அதற்காக மனிதன் செய்து கொடுத்த கைதான் இந்தக் கார்டு.

<b>நிற்கும்போதே விழும்!</b>

நீண்ட தூரம் போகும் பைக்குகள் நல்ல எடை உள்ளவை. நம் சென்னையில் தயாராகும் புல்லட் குடும்பத்தைச் சேர்ந்த 'கிளாசிக் 350' வண்டியின் எடை சுமார் 195 கிலோ. மூன்று பெரியவர்களைச் சேர்த்துத் தூக்குவது போல! இங்கிலாந்தில் பிறந்த புல்லட், நம் ராணுவத்துக்காக இந்தியாவுக்கு வந்தது. 1955-ல் சென்னை திருவொற்றியூரில் அதற்காகத் தொழிற்சாலை தொடங்கினார்கள். பின்னாளில் இங்கிலாந்துத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஆனால், தமிழ்நாட்டில் புல்லட் தயாரிப்பு நிற்கவே இல்லை!

இத்தனை எடையுள்ள வண்டியில் பைகளையும் கட்டிக்கொண்டு கொடைக்கானல் போகிறார் ஒருவர். வழியில் சரிவான இடத்தில் நிறுத்துகிறார். காலுக்கடியில் மணல் சறுக்குகிறது. வண்டி சாய்கிறது. கொஞ்சம் சாய்ந்தால் பிடித்துவிடலாம். அதற்கு மேல் சாய்ந்தால் பிடிக்க முடியாது, 'தொப்'பென்று விழுந்துவிடும்!

விழுந்தால் என்ன ஆகும்? பிரேக், கிளட்ச் கைப்பிடிகள் ஒடியலாம். டாங்கி நசுங்கலாம். எஞ்சினின் பக்க மூடி விரிசல் விட்டால் எண்ணெய் முழுவதும் ஒழுகிவிடும். அப்புறம் மலைப்பாதையில் வண்டியைத் தள்ளத்தான் வேண்டும்!

<b>மூன்று கல் அடுப்பு</b>

கிராஷ் கார்டை வடிவமைப்பவர் முதலில் பார்ப்பது, வண்டி விழும்போது எது முதலில் தரையைத் தொட வேண்டும் என்பதைத்தான். எஞ்சினை விடக் கார்டு கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தால், அதுதான் முதலில் தொடும். முன் டயர், பின் டயர், கார்டு என்று மூன்று இடங்களில் வண்டி ஊன்றிக்கொள்ளும். மூன்று கல் வைத்த அடுப்பில் பானை ஆடாமல் நிற்கிறது அல்லவா? அதே தந்திரம்தான்.

அப்படியானால் கார்டை இன்னும் அகலமாக வைக்கலாமே? கூடாது! வளைவில் திரும்பும்போது பைக் சாயும். கார்டு அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் ரோட்டில் உரசி, வண்டியையே கவிழ்த்துவிடும். நெரிசலில் பக்கத்து வண்டியிலும் மாட்டிக்கொள்ளும்.

<b>ஏன் குழாய்?</b>

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு புத்தக அடுக்குகளை ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள். மேலே ஒரு தாளைப் பாலம் போலப் போட்டு, நடுவில் ஒரு சோப்புக் கட்டியை வையுங்கள். தாள் மடங்கி, சோப்பு விழுந்துவிடும். இப்போது இரண்டு தாள்களை விரல் பருமனுக்குச் சுருட்டி ஒட்டி, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சோப்பு கம்பீரமாக உட்கார்ந்திருக்கும்!

இரும்பிலும் இப்படித்தான். ஒரே எடையுள்ள கம்பியையும் குழாயையும் எடுத்துக்கொண்டால், குழாய்தான் எளிதில் வளையாது. நாணலும் பறவைகளின் எலும்பும் உள்ளே வெற்றிடமாக இருந்தும் உறுதியாக இருப்பதைப் பார்த்து, விஞ்ஞானி கலிலியோ 1638-ல் வெளியான தம் நூலில் இதைப்பற்றி எழுதியிருக்கிறார். ஆனால், குழாயின் சுவர் ரொம்பவும் மெல்லியதாக இருந்தால் நசுங்கிவிடும்.

குழாயை வளைக்கும்போதும் நசுங்குமே? அதற்குப் பட்டறைகளில் ஒரு பழைய யோசனை உண்டு. காய்ந்த மணலைக் குழாய்க்குள் கெட்டியாக நிரப்பி, இரு முனைகளையும் அடைத்து வளைப்பார்கள். மணல் உள்ளிருந்து தாங்கிக்கொள்வதால் குழாய் சப்பையாகாது.

<b>வளைவதும் நல்லதே!</b>

கார்டை வண்டியின் எலும்புக்கூடான பிரேமில் போல்ட் போட்டு மாட்டுவார்கள். சரி, கார்டு எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும்? கொஞ்சம்கூட வளையாத அளவுக்கா? அதுவும் தவறு! அப்படி இருந்தால் விழும் வேகம் முழுவதும் பிரேமுக்குப் போய், பிரேமே கோணலாகிவிடும். அதைச் சரி செய்வது பெரிய செலவு. கார்டு வளைந்தால் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். தான் அடி வாங்கி வண்டியைக் காப்பாற்றுவதுதான் நல்ல கார்டு.

<b>வண்டிக்குச் சரி, நமக்கு?</b>

குட்டீஸ், முக்கியமான விஷயமே இனிதான் இருக்கிறது. 'கார்டு இருக்கிறதே, காலுக்கு ஒன்றும் ஆகாது' என்று பலர் நினைக்கிறார்கள். இது உண்மையா?

அமெரிக்காவில் பேராசிரியர் ஹாரி ஹர்ட் என்பவரின் குழுவினர், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த 900-க்கும் மேற்பட்ட பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தார்கள். 1981-ல் அறிக்கை வந்தது. அதில் தெரிந்தது என்ன? கார்டு இருந்த வண்டிகளில் பாதத்திலும் கணுக்காலிலும் காயம் குறைந்தது. ஆனால் முழங்காலிலும் தொடையிலும் காயம் கூடியது! கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஓட்டுபவருக்கு லாபமில்லை. தலைக்கவசமோ உயிர் காத்தது.

காரின் முன்னால் மாட்டும் இரும்புக் கம்பியிலும் இதே கதைதான். அது காரைக் காக்கும், ரோட்டில் நடப்பவரைக் கொல்லும். அதனால்தான் 2017 டிசம்பரில், அந்தக் கம்பிகள் சட்டவிரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது.

ஆகவே, ஒரு பொருள் யாரைக் காக்கிறது என்று கேட்கப் பழகுங்கள். கிராஷ் கார்டு வண்டியைக் காக்கிறது. உங்களைக் காப்பது ஹெல்மெட். தேங்காய் மரத்திலிருந்து விழுந்தும் உடையாமல் இருப்பது மட்டையால்தானே? ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோல் போன்ற பொருளும் அப்படித்தான். தான் நசுங்கி, தலைக்கு அடி போகாமல் தடுக்கிறது.

பின்னால் உட்காரும் உங்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டமே சொல்கிறது. நாளைக்குக் காலையில் அப்பா பைக்கை எடுக்கும்போது, 'என் ஹெல்மெட் எங்கேப்பா?' என்று கேளுங்கள். ஓடும் வண்டியில் அண்ணன் கார்டு மேல் காலைத் தூக்கி வைத்தால், 'காலைக் கீழே வைண்ணே, பிரேக் பிடிக்க நேரமாகும்' என்று சொல்லுங்கள்.

செய்வீர்கள்தானே, குட்டீஸ்?