காகத்தையும் எண்ணுங்கள்

பொங்கல் விடுமுறையில் சென்னையின் தென்பகுதிக்குப் போனால், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்திலும் பெரும்பாக்கம் ஏரிக்கரையிலும் விடிந்தும் விடியாத நேரத்தில் சிலர் நிற்பதைப் பார்க்கலாம். கழுத்தில் பைனாகுலர், கையில் செல்போன் அல்லது சின்ன நோட்டு. பொங்கலின் நான்கு நாட்களிலும் தமிழ்நாடெங்கும் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காக வந்தவர்கள் அவர்கள். 2015-இல் தொடங்கிய வழக்கம் இது. ஜனவரியில் ஆசிய நாடுகள் பலவற்றில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இன்னும் பழையது. 1987 முதல் நடக்கிறது.

பார்க்க வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான்: கூட்டம் கூட்டமாக மேய்ந்து, முங்கி, பறந்து, இடம் மாறிக்கொண்டே இருக்கும் பறவைகளை எப்படி எண்ண முடியும்?

ஒவ்வொன்றாக எண்ணுவது சிறு கூட்டத்துக்குத்தான் சரிவரும். ஏரி நடுவில் நாமக்கோழிகள் கறுப்பாக அடர்ந்து மிதக்கும்போது, ஓர் ஓரத்தில் பத்தை மட்டும் எண்ணி, அந்தப் பத்தும் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே அளவு துண்டுகளாகக் கூட்டம் முழுவதையும் அளந்துகொண்டு போகலாம். கூட்டம் மிகப் பெரிதென்றால் துண்டு நூறாகும். நடுவில் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்துவிட்டால் போதும், அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பிவிடும். கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பழகியவர்கள்கூடப் பெரிய கூட்டத்தைக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள்.

எண்ணுவதற்குமுன் எங்கே பார்ப்பது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது தண்ணீரின் ஆழம். வெறும் ஈரச் சேற்றில் ஓடி ஓடி நிற்பது பட்டாணி உப்புக்கொத்தி. பெரிய கண்ணும் குட்டை அலகும் கொண்ட அது, இரையைக் கண்ணால் பார்த்தே பிடிக்கும். நீர் மெல்லிய படலமாக நிற்கும் இடத்தில் கொசு உள்ளான்கள். ஒன்றின் எடை முப்பது கிராம்கூட இருக்காது. ஆனால் அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை ஒட்டிய தூந்திரச் சமவெளியில். முழங்கால் நனையும் ஆழத்தில் நெடுங்கால் உள்ளானும் கருவால் மூக்கனும் நிற்கும். கருவால் மூக்கனின் அலகு வேலை செய்யும் விதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். சேற்றுக்குள் அது எதையும் பார்ப்பதில்லை. அலகு நுனி முழுக்க அழுத்தத்தை உணரும் நுண்ணுறுப்புகள் நிறைந்திருக்கின்றன. புழு இருக்கும் இடத்தை அவையே காட்டிக்கொடுக்கும். அலகின் மற்றப் பகுதி மூடியே இருக்க, நுனியை மட்டும் திறந்து இரையைக் கவ்வவும் அதற்கு முடியும். அதையும் தாண்டிய ஆழத்தில் வாத்துகள். அகப்பைபோல் விரிந்த அலகை நீர்ப்பரப்பில் வைத்துத் தள்ளிக்கொண்டே போகும் தட்டைவாயன், அலகோரத்திலுள்ள சீப்புப் பற்களால் நீரை வடித்துச் சிற்றுயிர்களை உண்ணும்.

ஆகவே ஒரு சாண் நீர் ஏறினாலோ இறங்கினாலோ ஆட்கள் மாறிவிடுவார்கள். சென்னையில் இதைத் தீர்மானிப்பது வடகிழக்குப் பருவமழை. நன்றாகப் பெய்த வருடத்தில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிகளெல்லாம் நிறைந்திருக்கும். வாத்துகள் அங்கெல்லாம் பரவிவிடும். பள்ளிக்கரணையில் சேறே வெளியே தெரியாததால் உள்ளான்களும் வேறு இடம் தேடும். மழை பொய்த்த வருடத்தில் மிச்சமிருக்கும் நீரில் எல்லாம் வந்து குவியும். அதைப் பார்த்துப் பறவைகள் பெருகிவிட்டன என்று மகிழ்வதும், மறுவருடம் காணோமே என்று பதறுவதும் இரண்டுமே அவசரம். ஒரு வருடத்தின் எண், பெரும்பாலும் அந்த வருடத்து மழையைத்தான் சொல்கிறது.

பிறகு எதற்கு எண்ணுவது? இந்த இடத்தில்தான் கணக்கெடுப்பின் அறிவு இருக்கிறது என்று நினைக்கிறேன். பொங்கல் கணக்கெடுப்பில் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் பார்த்து, அடையாளம் தெரிந்த அத்தனை பறவைகளையும் எழுத வேண்டும். எப்போது தொடங்கினோம், எவ்வளவு நேரம் பார்த்தோம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதும் பதிவாகும். காகம், மைனா, புறா ஒன்றும் விடக்கூடாது. பூநாரை வந்த செய்தியை மட்டும் ஒருவர் எழுதினால், அன்று அங்கே தட்டைவாயன் இல்லையா, இருந்தும் எழுதவில்லையா என்று யாருக்கும் தெரியாது. முழுப் பட்டியலில் ஒரு பெயர் இல்லையென்றால், அந்த இல்லாமையே ஒரு தகவல். நூறு முழுப் பட்டியல்களில் எத்தனையில் ஒரு பறவை இடம்பெறுகிறது என்று வருடாவருடம் பார்த்துவந்தால், தனி ஒருவரின் எண்ணிக்கைப் பிழையும் ஒரு வருட மழையும் மெல்லப் பின்னுக்குப் போய், பறவையின் உண்மையான ஏற்ற இறக்கம் தெரியத் தொடங்கும். பட்டியல்கள் போய்ச் சேரும் இ-பேர்ட் தளம் 2002-இல் அமெரிக்காவில் தொடங்கியது; வழக்கத்துக்கு மாறான எண்ணோ பெயரோ வந்தால் அதைச் சரிபார்க்க அந்தந்தப் பகுதியை அறிந்த தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்.

இப்படிச் சேர்ந்த பட்டியல்களால் என்ன தெரிந்தது என்பதற்குச் சிட்டுக்குருவி நல்ல சாட்சி. அது நாட்டைவிட்டே மறைகிறது என்று பலகாலம் பேசினோம். 2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவி கால் நூற்றாண்டாக ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று காட்டியது. 2023 அறிக்கைக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தந்த மூன்று கோடிப் பதிவுகள் அடிப்படை. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதுமான தரவு கிடைத்த 338 இனங்களில் 204 குறைந்திருக்கின்றன. தட்டைவாயன், கிளுவை, சாதாரண உள்ளான், நம் ஊர்க் கம்பிகளில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை ஆகியவை முப்பது விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தவற்றில் அடக்கம். மயிலும் குயிலும் கூடியிருக்கின்றன. சரிந்தவையாகச் சொன்ன இந்த நான்கில் எதுவும் அபூர்வப் பறவை அல்ல என்பதுதான் என்னை உலுக்கியது. எப்போதும் இருக்கும் என்று நாம் நம்பியிருந்தவை அவை.

பள்ளிக்கரணைக்கு 2022-இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. பக்கத்தில் பெருங்குடிக் குப்பைமேடும் வளர்ந்துகொண்டே வந்த கட்டடங்களும் அதை எவ்வளவு நெருக்கியிருக்கின்றன என்பதை அந்தச் சாலையில் போகிற எவரும் காணலாம். அங்கே பறவை பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் உங்கள் தெருக்கோடிக் குளத்துக்கும், கோயில் தெப்பத்துக்கும், அடுக்குமாடி மொட்டைமாடிக்கும் யாரும் வரப்போவதில்லை. பறவைகள் சதுப்பு நிலத்தில் மட்டும் வாழ்வதில்லையே. பத்துப் பறவைகளின் பெயர் தெரிந்தால் போதும்; தெரியாததைத் தெரியாததென்று விட்டுவிடலாம். மாட்டுப் பொங்கலன்று காலை ஆறரைக்கு மாடிக்குப் போய், பதினைந்து நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள். ஆறு காகமும் இரண்டு மாடப்புறாவும் ஒரு குயிலோசையும் மட்டுமே வந்தாலும் அது முழுப் பட்டியல்தான். அதை அப்படியே பதிவேற்றுங்கள்.