ஊர் சுற்றும் அண்ணன்... வீடு தேடும் தம்பி!

பிள்ளைகளே, அப்பாவின் செல்போனில் கேம் விளையாடியிருப்பீர்கள். அதற்குள் இருக்கும் சிப் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது தெரியுமா? அநேகமாக 'ஏ.ஆர்.எம்.' குடும்பமாகத்தான் இருக்கும். அந்தக் குடும்பத்தில் ஓர் அண்ணனும் தம்பியும் உண்டு. அண்ணன், சிப். தம்பி, அதை வேலை வாங்கும் இயங்குதளம். பெயர் 'ரிஸ்க் ஓ.எஸ்.' அண்ணன் உலகமெங்கும் இருக்கிறான். தம்பியைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. அவன் கதையைப் பார்ப்போமா?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 'ஏகார்ன்' என்றொரு கம்ப்யூட்டர் கம்பெனி இருந்தது. 1981இல் அது செய்த 'பி.பி.சி. மைக்ரோ' கம்ப்யூட்டரில்தான் அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பலர் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் கற்றார்கள். அடுத்த கம்ப்யூட்டருக்கு மனத்துக்குப் பிடித்த சிப் கிடைக்கவில்லை. சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இருவர் புதிதாக ஒன்றை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரலில் அது தயாராகி வந்தது.

சோதித்தபோது ஒரு வேடிக்கை! சிப் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று ஃபர்பர் அளந்தார். மீட்டர் பூஜ்யம் காட்டியது. ஆனால் சிப் ஓடுகிறது! என்னவென்று பார்த்தால், அதற்கு மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை. மற்ற கம்பிகள் வழியே கசிந்து வந்த மின்சாரமே அதற்குப் போதுமானதாக இருந்தது. இத்தனை சிக்கனக்காரன் என்பதால்தான் பிற்காலத்தில் பேட்டரியில் ஓடும் செல்போனுக்குள் அண்ணன் குடியேறினான்.

1987இல் இந்தச் சிப்பின் மேம்பட்ட வடிவத்தோடு 'ஆர்க்கிமிடீஸ்' கம்ப்யூட்டர் வெளிவந்தது. அதற்காகப் பிறந்தவன்தான் தம்பி. மவுசில் மூன்று பொத்தான்களுக்கும் தனித்தனி வேலை தந்தான். நிலையான நினைவகச் சிப்பிலேயே குடியிருந்ததால், சுவிட்சைப் போட்டதும் சில நொடிகளில் தயாராகிவிடுவான்.

ஆனால் 1998இல் ஏகார்ன் தன் மேசைக் கம்ப்யூட்டர் பிரிவை மூடிவிட்டது. தம்பி அநாதையாகிவிட்டானா? இல்லை. அவனை விரும்பியவர்கள் விடவில்லை. 2006இல் 'ரிஸ்க் ஓ.எஸ். ஓபன்' என்ற அமைப்பைத் தொடங்கிப் பராமரித்தார்கள். 2018இல் அவன் முழுமையான 'ஓபன் சோர்ஸ்' ஆனான்.

ஓபன் சோர்ஸ் என்றால் என்ன? உங்கள் அக்காவிடம் கோல நோட்டு இருக்கிறது. அதை ஒளித்து வைக்காமல் தெருவுக்கே தருகிறாள். யாரும் பார்த்துப் போடலாம், புள்ளியைக் கூட்டலாம், புதுக் கோலம் சேர்க்கலாம். அதுபோலத்தான் இதுவும். அப்படிப் பலர் சேர்ந்து உழைத்ததால், 2024இல் வந்த 5.30 பதிப்பில் 'ராஸ்பெர்ரி பை' என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரில் வைஃபை வசதியும் கிடைத்தது.

இப்போது ஓர் ஆபத்து. அன்று வேகம் வேண்டும் என்பதற்காக, தம்பியின் பெரும்பகுதியை அண்ணனின் தாய்மொழியான 32 பிட் சிப் மொழியிலேயே எழுதிவிட்டார்கள். அண்ணனோ வளர்ந்து 64 பிட் மொழிக்கு மாறிவிட்டான். பழைய மொழியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடுகிறான். 2023இல் வந்த ராஸ்பெர்ரி பை 5இல் தம்பியால் நேரடியாக இயங்க முடியவில்லை. பழைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் பழுதாகிப் போனால், அவனுக்குக் குடியிருக்க வீடே இருக்காது!

அதனால் அவனை 64 பிட்டுக்கு மாற்றும் பெரும் பணியை அந்த அமைப்பு கையில் எடுத்திருக்கிறது. வீட்டை இடிக்காமல் ஒவ்வொரு செங்கல்லாக மாற்றுவது போன்ற வேலை அது. ஆட்களும் குறைவு, பணமும் குறைவு. ஜெயிப்பார்களா என்பது இனிமேல்தான் தெரியும். ஆனாலும், லாபம் பெரிதாக இல்லாத ஒன்றை இத்தனை ஆண்டுகள் அன்பினாலேயே காப்பாற்றியிருக்கிறார்களே, அது சாதாரணமா?

உங்கள் பள்ளியில் ராஸ்பெர்ரி பை 4 அல்லது அதற்கு முந்தையது இருக்கிறதா? ஆசிரியரிடம் கேட்டு, இந்த இயங்குதளத்தை இலவசமாக இறக்கி மெமரி கார்டில் போட்டுப் பாருங்கள். எஃப் 12 விசையை அழுத்தி, 'பேசிக்' என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். சொந்தமாகப் புரோகிராம் எழுதலாம். தம்பிக்கு நாளை உதவப்போகும் கை உங்களில் ஒருவருடையதாகவும் இருக்கலாமே!