உங்கள் வீடு மலைக்கு எந்தப் பக்கம்?

ஜூலை மாதத்தில் நாவலப்பிட்டியில் குடையில்லாமல் கடைக்குப் போக முடியாது. அங்கிருந்து பஸ் ஏறி கம்பளை, பேராதனை வழியாகக் கண்டிக்கு வந்தால் வெறும் தூறல்தான். திகன தாண்டி தெல்தெனியாவில் இறங்கினால் பெரும்பாலும் வெயில். எல்லாம் ஒரே கண்டி மாவட்டம். ஆனாலும் "மத்திய மாகாணத்தில் மழை" என்ற ஒற்றை அறிவிப்பு மூன்று ஊருக்கும் ஒன்றுபோலப் பொருந்துவதில்லை.

காரணம் மலை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதுகிறது. மேலே ஏற ஏறக் குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைக் கடந்து இறங்கும்போது அதே காற்று சூடேறி வறண்டுவிடும். மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லும் அனல்காற்று இதுதான். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நிலைமை தலைகீழ். வடகீழ் பருவக்காற்று நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவை நனைக்கும். நாவலப்பிட்டிப் பக்கம் மழை குறைந்துவிடும்.

கண்டி நகரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான மழை. தெற்கே சுமார் 40 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் வட்டவளையில் அது 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். கண்டிக்கு அதிக மழை தருவது இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஒக்டோபரும் நவம்பரும்தான். அப்போது காலையில் நல்ல வெயில் அடிக்கும். சூடேறிய சரிவுகளிலிருந்து காற்று மேலெழும்ப, நண்பகலில் ஹந்தானை மலைமேல் முகில் திரளும். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு இடி இடித்து மழை பிடித்துக்கொள்ளும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் நாள்கணக்கில் விடாது.

வெப்பத்தைத் தீர்மானிப்பது உயரம். 1,000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். கடலோரக் கொழும்பின் ஆண்டுச் சராசரி 27 பாகைக்கு மேல்; சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் 24, 25; சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 16. சின்னத் தீவுக்குள் மழையிலும் இத்தனை வேறுபாடு இருப்பதால்தான் புவியியல் பாடத்தில் ஈரவலயம், இடைவலயம், உலர்வலயம் என்று பிரித்துப் படிக்கிறோம். அந்தப் பிரிப்பு பல ஆண்டுச் சராசரியை வைத்துச் செய்தது; அது காலநிலை. இன்று பின்னேரம் துணி காயுமா என்பது வானிலை.

ஆகவே முன்னறிவிப்பைக் கேட்கும்போது மூன்றை யோசியுங்கள்: இப்போது எந்தக் காற்றின் காலம், உங்கள் ஊர் மலைக்கு எந்தப் பக்கம், எவ்வளவு உயரம். மழை வலுத்தால் மாகாணத்தின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக வெளியிடுகிறது. அதில் உங்கள் பிரிவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சரிவில் வீடுள்ளவர்கள் இருட்டுவதற்கு முன்பே பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்.